நாக்கில் ஒட்டும் எலும்பு

எலும்பை நாக்கில் வைத்துப் பார்க்கிறவள் என்று சொன்னால் எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் எனக்குச் சொம்பில் தண்ணீர் தரமாட்டார்கள். அதனால் “படம் வரையிற வேலை” என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவும் பொய்யில்லை. கடற்கரையில் அகழாய்வு நடக்கிற இடத்தில் பானை ஓடு, சிப்பி, தூண்டில் முள் என்று கிடைப்பதை எல்லாம் அளந்து, கட்டம் போட்ட தாளில் வரைந்து கொடுக்கிறேன். ஆனால் எலும்பு என்று ஒன்று மண்ணிலிருந்து வந்தால் அது முதலில் என் கைக்குத்தான் வரும். நாக்கு நுனியில் வைப்பேன். பழைய எலும்பில் பசை எல்லாம் வற்றி, துளை துளையாகக் காய்ந்து போயிருக்கும். நாக்கில் இருக்கிற ஈரத்தை இழுத்து ஒட்டிக்கொள்ளும். புது எலும்பு ஒட்டாது, வழுக்கும். குழுவின் தலைவியான மேடத்துக்கும் இது தெரியும். ஆனால் அவர் ஓயாமல் வெற்றிலை போடுகிறவர். “என் நாக்கு செத்துப்போச்சு, நீ பாரு” என்று என்னிடம் தள்ளிவிடுவார்.

நாங்கள் தோண்டுகிற இடம் குண்டாறு கடலில் சேர்கிற பக்கத்தில் ஒரு மணல்மேடு. ரொம்பக் காலத்துக்கு முன்னால் மீன் பிடித்தவர்கள் குடியிருந்த இடம். வலையில் கட்டுகிற சுட்ட மண் குண்டுகள் வருகின்றன. சுறாவின் முதுகெலும்பு காசு காசாக வருகிறது. திமிங்கிலத்தின் விலா எலும்பு கூட வந்தது, அதில் வெட்டுக்காயம் இருந்தது. வேட்டையாடிக் கொன்றார்களா, கரை ஒதுங்கியதை அறுத்தார்களா என்று கேட்டால், “தெரியல, தெரியிறதுக்குள்ள கடல் கொண்டு போயிரும் போல” என்பார் மேடம். உண்மைதான். போன மாதம் அளந்து முடித்த குழி இந்த மாதம் அலைக்குள் கிடக்கும். நாங்கள் ஒரு பக்கம் கரண்டியால் சுரண்ட, மறுபக்கம் கடல் வாரி வாரித் தின்றது. அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆத்திரம்தான் வரும். கடலை வைதுகொண்டே வரைவேன்.

என் ஊர் அதே குண்டாற்றின் கரையில்தான், ஆனால் கடலை விட்டு வெகு தூரம் மேலே. திருச்சுழியில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். வானம் பார்த்த பூமி. ஆறு என்பது வருடத்தில் பத்து நாள் தண்ணீர், மிச்ச நாள் மணல்.

எனக்கு உதட்டோரத்திலும் கைவிரல்களிலும் வெள்ளை விழுந்திருக்கிறது. டாக்டரைக் கேட்டால் அது யாருக்கும் ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது என்பார். ஊர் வேறு மாதிரிச் சொல்லும். எங்களில் செத்தவரைப் புதைப்பதுதான் வழக்கம். வெள்ளை விழுந்தவரை மட்டும் எரித்துவிட வேண்டும். புதைத்தால் அந்த உடம்பு மண்ணுக்குள் கிடக்கிற வரை மழை இறங்காது என்று நம்பிக்கை. மீறிப் புதைத்தது தெரிந்தால், மழை பொய்த்த வருடத்தில் தோண்டி எடுத்து எரிப்பார்கள். சின்ன வயதில் ஒரு முறை பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் அதை எழுத எனக்கு மனசில்லை.

அம்மாவுக்கு என்னைவிட அதிகம். கழுத்து, முழங்கை எல்லாம் வெள்ளை. ஆனால் பகலில் யார் கண்ணிலும் படாது, ஏனென்றால் அவள் கரிமூட்டத்தில் வேலை பார்த்தாள். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளே நெருப்பு வைத்து, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்குகிற வேலை. தலையிலிருந்து கால் வரை கரி. வீட்டுக்கு வந்து குளித்தால்தான் அவள் நிறம் தெரியும். கையிலும் காலிலும் சுட்ட வடு இல்லாத இடம் கிடையாது. சாவதற்கு இரண்டு நாள் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னைய எரிச்சுறாதடி. காலம் பூரா வெந்துட்டேன். செத்தும் வேகணுமா? குளுந்த மண்ணுல போடு.”

ஊரடங்கு நேரத்தில் நெஞ்சுவலியில் செத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற உடம்பு என்றாலே ஜனம் பயந்து ஒதுங்கிய காலம். தம்பி தன் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஊருக்குள் நாங்கள் போகவே இல்லை. உச்சி வெயிலில், ஈ காக்கை இல்லாத ஆற்றங்கரையில், நானும் அவனுமாகக் குழி வெட்டி அம்மாவை இறக்கினோம். அடையாளக் கல் வைக்கவில்லை. மொட்டைப் பனையிலிருந்து தெற்கே எட்டி வைத்து நடந்தால் பதினெட்டு எட்டு. எண்ணி மனசில் வைத்துக்கொண்டோம். ஊரில் கேட்டவர்களிடம், “ஆஸ்பத்திரிக்காரவுகளே எரிச்சுட்டாக” என்றேன். யாரும் மறுத்துக் கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஊருக்கு வரும்போதெல்லாம் ஆற்றங்கரைக்குப் போய்ப் பதினெட்டு எட்டு எண்ணி நின்றுவிட்டு வருவேன். போன வருடம் ஆவணியில் அப்படிப் போனபோது, பனையிலிருந்து ஏழாவது எட்டில் என் கால் நின்றுவிட்டது. முந்தின மழைக்காலத்து வெள்ளம் அந்த இடத்தில் கரையைச் செங்குத்தாக அறுத்து விட்டிருந்தது. அறுபட்ட மண்ணிலிருந்து ஒரு தாழி பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. செத்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய சிவப்புப் பானை. அதன் வாயை ஒரு எலும்பு மூடியிருந்தது. வெள்ளை வெளேர் என்று, தானியம் புடைக்கிற சொளகு அகலத்துக்கு, சொளகு மாதிரியே ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் விரிந்து.

திமிங்கிலத்தின் தோள்பட்டை. கடற்கரையில் அதன் உடைந்த துண்டுகளை எத்தனையோ வரைந்திருக்கிறேன், முழுசாக ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன். கரையிலிருந்து சறுக்கி இறங்கிப் போய்த் தொட்டேன். அனலடிக்கிற வெயிலில் அது மட்டும் குளிர்ந்திருந்தது. குனிந்து நாக்கை வைத்தேன். கவ்விக்கொண்டது. நாக்கைப் பிய்த்துத்தான் எடுத்தேன், எடுத்த இடம் எரிந்தது. அப்போது ஒரு வாடை வந்தது. கடற்கரையில் அதிகாலையில் வலை உதறும்போது வருமே, அந்த ஈர உப்பு வாடை. சுற்றிலும் கருவேலமும் காய்ந்த மணலும். அடியாத்தி என்று மேலே ஏறி ஓடி வந்துவிட்டேன்.

ஓடினவள் சும்மா இருந்திருக்கலாம். வேலைப் புத்தி விடவில்லை, மேடத்துக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேசினார். “கடல்ல கிடந்த எலும்ப இத்தனை தூரம் சுமந்துட்டுப் போயிருக்காங்கன்னா, செத்தது ரொம்ப வேண்டியவங்களா இருக்கணும்மா. மூடியத் தொறக்காத. யாருக்கும் சொல்லாத. அனுமதித் தாள் வாங்கிட்டு ஆளோட வாரேன். அது வரைக்கும் கரை நிக்குமா?”

“நிக்கும் மேடம்” என்றேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஏழும் பதினொன்றும் பதினெட்டு. தாழியிலிருந்து பதினோரு எட்டில் அம்மா இருக்கிறாள். மேடம் வந்தால் ஒரு தாழியோடு விடமாட்டார், கரை நெடுகக் குழி போடுவார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. தம்பிக்குச் சொன்னேன். “ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அம்மா பக்கத்துல ஆளக் கூட்டியாந்து தோண்டச் சொல்லுவியா?” என்று கத்தினான். அவன் கத்தியதில் தப்பே இல்லை. மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பல தடவை போனை எடுத்தேன், வாய் வரவில்லை.

அனுமதித் தாள் வரவில்லை. அது வரும் வரை ஊரிலேயே இருந்து கரையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் மேடம். நான் தினமும் போனேன். கரையில் ஒரு வெடிப்பு கிளம்பியிருந்தது. தாழிக்கு மேலே தொடங்கித் தெற்கே போனது. பழக்கதோஷம், வெடிப்பு முடிகிற இடத்தில் குச்சி நட்டு வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வெடிப்பு குச்சியைத் தாண்டிப் போயிருந்தது. இன்னொரு குச்சி நட்டேன். அதையும் தாண்டியது. வேறு பக்கம் கிளை பிரியாமல், நேராக அம்மாவைப் பார்த்துப் போனது. மூடி எலும்பும் வாரத்துக்கு ஒரு விரல்கடை வெளியே வந்துகொண்டிருந்தது. உச்சிப்பொழுதில் காற்றே இல்லாத நேரத்தில் அதன் பக்கத்தில் நின்றால், சங்கைக் காதில் வைத்தால் கேட்கிற இரைச்சல் கேட்கும். உள்ளே வெற்றிடம் இருந்தால் அப்படித்தான் கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு நடந்தேன்.

இதற்கிடையில் மழை பொய்த்தது. புரட்டாசியில் புழுதியில் விதைத்த குதிரைவாலியும் மல்லியும் மண்ணுக்குள் அப்படியே கிடந்தன. ஐப்பசி போய்க் கார்த்திகையும் பாதி போனது. மல்லாங்கிணறு பக்கம் பெய்கிறது, அருப்புக்கோட்டையில் ரோட்டில் தண்ணீர் ஓடுகிறது என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் ஊருக்கும் மேகம் வந்தது. கறுகறுவென்று திரண்டு ஆற்றின் அக்கரை வரை வந்து நிற்கும். அக்கரைக் கருவேலம் நனைவது கண்ணுக்குத் தெரியும். இக்கரையில் ஒரு சொட்டு விழாது. மூன்று முறை இப்படி ஆனது. வைக்கோலில் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து அழுது பார்த்தார்கள். அதற்கும் வரவில்லை.

அப்போதுதான் பேச்சு ஆரம்பித்தது. வெள்ளை விழுந்த உடம்பு எங்கேயோ மண்ணுக்குள் கிடக்கிறது. கோயில் வாசலில் உட்கார்ந்து, செத்தவர்களை ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு மதினி குழாயடியில் என்னைக் கேட்டாள்.

“ஏண்டி, ஒங்கம்மாவ ஆஸ்பத்திரியில எரிச்சாகல்ல?”

“எரிச்சாக மதினி.”

“சாம்பல எங்க கரைச்சிய?”

“ராமேஸ்வரத்துல” என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்தது எனக்குத் தெரியவே இல்லை.

“பயப்படாதடி, ஒனக்கும் நல்ல வெறகாப் போட்டு எரிச்சு விடுறோம்” என்று கையில் தட்டிவிட்டுச் சிரித்தாள். கேலிதான். அவளிடம் வஞ்சகம் கிடையாது. எனக்கு அவள் குடத்தைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

மூன்றாம் நாள் ஆடு மேய்க்கிற ஒருவர் மூடி எலும்பைப் பார்த்துவிட்டார். அந்த இடத்தில் மட்டும் ஆடுகள் கால் வைக்காமல் சுற்றிப் போவது ஏன் என்று எட்டிப் பார்த்தாராம். உச்சிவெயிலில் ஊர் பூராவும் ஆற்றங்கரைக்குத் திரண்டது. கடப்பாரை, மண்வெட்டி, தலைச்சுமை விறகு. நான் முன்னால் ஓடிப்போய்த் தாழிக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றேன். தாழியை யாரும் தொடக்கூடாது என்று மேடம் எழுதித் தபாலில் அனுப்பியிருந்த கடிதத்தைக் காட்டினேன். யார் அதைப் பார்த்தார்கள்! எல்லாரும் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊரில் பெரிய ஆள் ஒருவர், முறைக்கு எனக்குப் பெரியப்பா. அவர் கூட்டத்தை அமர்த்திவிட்டு என்னிடம் வந்தார்.

“தாயி, நீ இந்த எலும்பு சோலியில இருக்கிறவ. எங்களுக்குத் தெரியாது. நீயே சொல்லு. இது மனுச எலும்பா?”

திமிங்கில எலும்பு என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போது கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

“ஏலே, இங்க வந்து பாருங்கலே! மண்ணு அமுங்கிக் கிடக்கு. இங்கயும் ஏதோ பொதைச்சிருக்கு!”

அவன் வெடிப்பைப் பிடித்துக்கொண்டே தெற்கே நடந்து போயிருந்தான். நான் நட்ட குச்சிகள்தான் அவனுக்கு வழி காட்டியிருக்கின்றன. எண்ணத் தேவையில்லை, எனக்குத் தெரியும். அம்மாவுக்கு நேர் மேலே நின்று கடப்பாரையை ஓங்கிக்கொண்டிருந்தான்.

“இது இல்லையின்னா அதத் தோண்டிப் பாத்துருவோம்” என்றார் பெரியப்பா.

நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று எழுதினால் அது பொய்.

“இதுதான் பெரியப்பா” என்றேன். “மனுச எலும்புதான். வெள்ளை விழுந்த ஒடம்பு. எலும்பு வரைக்கும் வெள்ளை பாஞ்சிருக்கு, பாருங்க. அங்க ஒன்னும் இல்ல. அது நான் மண்ணு பரிசோதிக்கத் தோண்டி மூடுன குழி.”

நம்பிவிட்டார்கள். வெள்ளை விழுந்த விரலால் நான் காட்டியதால்தான் அப்படி நம்பினார்களோ என்னவோ. மனுச எலும்பு சொளகு அகலத்துக்கு இருக்குமா என்று ஒருத்தர் கூடக் கேட்கவில்லை. “அந்தக் காலத்து ஆளு, அம்புட்டுப் பெருசு” என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். தெற்கே நின்றவன் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு இங்கே வந்தான்.

மூடியை நெம்பி எடுத்தார்கள். தாழிக்குள்ளிருந்து அந்த ஈர உப்பு வாடை குப்பென்று வந்தது. இந்த முறை எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். உள்ளே தூள் தூளாக எலும்பு, ஒரு சங்கு, பச்சை பாய்ந்த தூண்டில் முள் ஒன்று, சுறாவின் முதுகெலும்பில் கோத்த மணிமாலை. அந்த மாலையை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்க எப்படித் துடித்தேன்! எல்லாவற்றையும் விறகில் போட்டார்கள். மூடி எலும்பு முதலில் கறுத்தது, பிறகு நீலம் பாரித்தது, பிறகு முன்னைவிட வெள்ளையாக ஆகி, டப் டப் என்று வெடித்தது. புகை மேலே போகவில்லை. ஆற்று மணலோடு படிந்து, கிழக்கே, தண்ணீர் ஓடுகிற வழியிலேயே, கடலைப் பார்த்து ஊர்ந்து போனது. நான் விசித்து விசித்து அழுதேன். மதினி என்னை அணைத்துக்கொண்டு, “பயந்துட்டியாடி, வா, வீட்டுக்குப் போவோம்” என்றாள்.

எத்தனை நூறு வருடத்துக்கு முன்னாலோ யாரோ தன் வீட்டுச் சாவைக் கடலோரத்திலிருந்து சுமந்து வந்த எலும்பால் மூடி, குளிர்ந்த மண்ணில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் என்னைப் போலவே எட்டு எண்ணி மனசில் வைத்திருப்பார்கள். என் அம்மாவுக்காக அவர்கள் அம்மாவை எரித்துவிட்டேன். இதை நினைக்காமல் இன்றைக்கும் எனக்கு ஒரு நாள் விடிவதில்லை.

மறுநாள் மத்தியானம் மழை வந்தது. மேகம் அக்கரையில் நிற்கவில்லை. ஊரே தெருவில் நின்று நனைந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். “ஒன் வாக்குல வந்த மழை தாயி” என்று பெரியப்பா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஆறு வந்தது. நான் குடைகூட எடுக்காமல் ஓடினேன். மொட்டைப் பனை சாய்ந்து கிடந்தது. அதற்குத் தெற்கே எட்டு எண்ணக் கரை இல்லை. வெடிப்பு போன வழியில் வெட்டினாற்போல மண் அத்தனையும் இறங்கி, செந்தண்ணீர் சுழித்துப் போனது. நான் யாருக்காகப் பொய் சொன்னேனோ அவள் அங்கே இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு மேடம் அனுமதித் தாளோடு வந்தார். “கரை போயிருச்சு மேடம்” என்றேன். தாழியை எரித்ததைச் சொல்லவில்லை. அவர் ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, “சரி வா, ஆறு எதையாவது துப்பியிருக்கும்” என்றார். திருச்சுழிப் பக்கம் வரை ஆற்றுக்குள்ளேயே நடந்தோம். பானை ஓடு நாலைந்து கிடைத்தது, ஒரு வலைக்குண்டு கிடைத்தது. ஒரு வளைவில் மேடம் குனிந்து மணலிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை எலும்பை எடுத்தார். தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக் கழுவி, வழக்கம்போல என்னிடம் நீட்டினார்.

“நீ பாரு. பழசா, புதுசா?”

கை நீட்டி வாங்கினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நாக்கு நுனியில் வைத்தேன்.

ஒட்டவில்லை. வழுக்கியது. பல்லில் மணல் கரகரத்தது, அதற்கடியில் கரி ருசித்தது. விறகு எரித்த கரி ஆறு பூராவும் கலந்திருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆட்டு எலும்பாகக்கூட இருக்கலாம்.

“ஒட்டுதா?”

“ஒட்டுது மேடம்” என்றேன். “பழசுதான்.”

அதைப் பையில் போட்டு, எண் போட்டு, அட்டையில் நான்தான் எழுதினேன். குண்டாற்றுப் படுகை, எலும்பு ஒன்று, பழையது. இப்போது அது கடற்கரைக் கொட்டகையில் இரண்டாம் தட்டில் மூன்றாவது பெட்டியில் இருக்கிறது. வயது கணிக்க மாதிரி அனுப்பும் போதெல்லாம் மேடம் அந்தத் தட்டின் பக்கம் போகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். கொட்டகைக்கு முன்னால், கடல் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்க நட்ட குச்சிகளில் இந்த மாதம் இரண்டைக் காணோம்.

இந்த வருடமும் கார்த்திகை பாதி போய்விட்டது. ஊரில் மழை இல்லை. நேற்று மதினி போன் பண்ணினாள்.

“ஏண்டி, மேகம் மறுபடி அக்கரையில நிக்குதுடி. மண்ணுக்குள்ள இன்னும் எதுவும் கிடக்கோன்னு பெரியப்பா ஒன்னக் கேக்கச் சொன்னாக. நீ சொன்னாச் சரியா இருக்குமாம்.”

நான் இரண்டாம் தட்டைப் பார்த்தேன்.

“மண்ணுக்குள்ள ஒன்னும் இல்ல மதினி” என்றேன். அம்மா செத்த பிறகு அவளைப் பற்றி ஊருக்கு நான் சொன்னதில் இது ஒன்றுதான் உண்மை.